வாசல் தாண்டாத வேகம்

அம்மா இன்னும் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா ஃபோன் செய்தால் அம்மா எடுப்பதில்லை. அம்மா எடுக்கவில்லை என்றால் அப்பா இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை. போன வாரம் விட்ட இடம் இதுதான். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னும் நாலு வரி சொல்லிவிடுகிறேன், பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இத்தனை வருஷமா உங்களுக்கு நானா பொண்டாட்டி? அந்தப் பேப்பர்தானே!" என்று சொல்லிவிட்டு, பாலம் தாண்டி ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள் அம்மா. போனவளைத் திரும்ப வரவழைக்க மூத்த மாப்பிள்ளை ஒரு மூளை வேலை செய்தார். "அத்தை, மாமாவுக்கு நெஞ்சுவலி" என்று ஃபோன் போட்டார். போதாக்குறைக்கு டாக்டர் சீட்டு என்று எதையோ படம் பண்ணி அனுப்பினார். அம்மா காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு ஓடி வந்தாள். வந்து பார்த்தால் அப்பா குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த நாடகமே தெரியாது. ஆனால் அதை யார் நம்புவது?

"இனிமே இந்த வீட்டு ஆளுங்க வாயிலேர்ந்து என்ன வந்தாலும் நான் நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வந்த வழியே திரும்பிப் போனாள். அந்த ஒரு வாக்கியம்தான் இந்த வாரம் எல்லோர் கழுத்தையும் பிடிக்கப் போகிறது.

அப்பாவை ஊரே 'ஆசிரியர்' என்றுதான் கூப்பிடும். ஒரு காலத்தில் சாயங்காலப் பேப்பர் நடத்தினார். இப்போது காகிதம் போய், எல்லாம் இணையதளம். பெரிய மகள் செய்திப் பிரிவைப் பார்க்கிறாள். அவள் வீட்டுக்காரர், அதுதான் நம் நெஞ்சுவலி மாப்பிள்ளை, விளம்பரம் பார்க்கிறார். சின்ன மகள் அந்தத் தளத்தையே கட்டி மேய்க்கிறவள்.

சின்னவளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர் நொடி. பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது. "நொடி நொடினு நீ புலம்பற புலம்பல்ல ஒரு நாள் நாம நொடிச்சுத்தான் போகப் போறோம்" என்று அத்தான் கிண்டல் பண்ணுவார். அவளும் விட மாட்டாள். "உங்க விளம்பரத்தைக் குறைச்சா நொடி குறையும், நொடி குறைஞ்சா நாம நொடிக்க மாட்டோம்" என்பாள்.

அன்று மத்தியானம் வரைக்கும் அவள் ராணி மாதிரிதான் இருந்தாள். சுவரில் மாட்டியிருந்த திரையில் வேகக் கணக்கு பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது. கைப்பேசியில் பக்கத்தைத் தட்டினால் விரல் எடுப்பதற்குள் செய்தி வந்து நின்றது. "போட்டிக்காரன் பக்கம் வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கலாம். நம்மளுது பாரு!" என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் மேஜை ஃபோன் அடித்தது.

அக்கா கேட்டாள், எழுதினாள், மறுபடி ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஃபோனை வைக்கும்போது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அணை நிரம்பிடுச்சு. சாயங்காலம் எல்லா மதகையும் ஒண்ணாத் திறக்கறாங்க. ஆத்தோரம் இருக்கறவங்க உடனே மேட்டுக்குப் போகணுமாம். முதல்ல முழுகறது ஆத்தங்கரைத் தெருதானாம்."

அந்த அறையில் இருந்த அக்கா, நொடி, அத்தான் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

அக்கா செய்தியைத் தட்டிப் பக்கத்தில் ஏற்றினாள். நொடி அதற்குள் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அம்மா, உடனே கிளம்பு. சித்தியையும் கூட்டிக்கோ. ஸ்கூல் கட்டடம் மேட்டுல இருக்கு பாரு, அங்க போயிடு. ஆத்துல தண்ணி விடப் போறாங்க."

மறுமுனையில் மழைச் சத்தம். அம்மா நிதானமாகக் கேட்டாள். "யாரு சொல்லிக் குடுத்தா? உங்கத்தானா?"

"ஐயோ அம்மா, சத்தியமா!"

"போன வாரமும் சத்தியம்தான் பண்ணினீங்க. இங்கயும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தண்ணி வருதுங்கறான் ஒருத்தன், வராதுங்கறான் ஒருத்தன். போன மழைக்கும் இப்படித்தான் புரளி கிளப்பி, ராத்திரியெல்லாம் மேட்டுல நனைய விட்டாங்க. நம்ம பக்கத்துல போடட்டும், அப்புறம் கிளம்பறேன்."

"போட்டாச்சும்மா! இப்பத்தான் போட்டோம், பாரு!"

"எங்கடி இருக்கு? வெள்ளையா நிக்குது. இங்க வந்ததிலேர்ந்தே இப்படித்தான். சொன்னா உங்கத்தான் என் ஃபோனைக் குத்தம் சொல்றாரு."

"என் கையில பறக்குதும்மா."

"உன் கையில பறக்குது, என் கையில படுத்துக்கிச்சு."

நொடிக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்து வந்தது. "சரி, நான் படிக்கறேன், கேளு. இல்ல, படம் புடிச்சு அனுப்பட்டுமா?"

"டாக்டர் சீட்டுகூடப் படமாத்தான் வந்துச்சு" என்றாள் அம்மா. குரல் லேசாக உடைந்தது. "இதைக் கேளு. உங்கப்பா வீட்ல பொய் சொல்வாரு. ஆளை விட்டு ஃபோன்ல பொய் சொல்ல வெப்பாரு. ஆனா அதுல மட்டும் பொய் எழுத மாட்டாரு. அதுக்காகத்தான் இத்தனை காலம் அவரைப் பொறுத்துக்கிட்டேன். அதுல வரட்டும். நான் மட்டும் இல்ல, இந்தத் தெருவே வாசல்ல நிக்குது, பேப்பர்காரம்மா என்ன சொல்றாங்கனு. தப்பாச் சொல்லிட்டு நாளைக்கு யாரு மூஞ்சியில முழிக்கறது? காலையிலேர்ந்து கரண்ட் இல்ல, சார்ஜ் இறங்குது. சும்மா சும்மா கூப்பிடாதே."

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக இயந்திரக் குரல் சொன்னது.

"அந்தப் பிடிவாதம் இருக்கே" என்று அக்கா பல்லைக் கடித்தாள். கண் கலங்கியிருந்தது.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விதைத்தவர் அவர்தானே.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று நொடி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். தரதரவென்று இழுத்துக்கொண்டாவது வந்துவிடுவது என்றுதான் நினைத்தாள்.

கேட்டைத் தாண்டி வண்டியில் உட்கார்ந்தபோது, பாலம் திறந்திருக்கிறதா என்று பார்க்கலாமே என்று தங்கள் பக்கத்தைத் தட்டினாள். வெள்ளை. கொஞ்சம் பொறுத்தாள். அப்போதும் வெள்ளை. மேலே ஒரு சின்ன வட்டம் மட்டும் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

வண்டியை விட்டு இறங்கிக் கேட்டுக்குள் வந்தாள். ஆபீஸ் வைஃபை பிடித்துக்கொண்டது. தட்டினாள். டக்கென்று வந்தது பக்கம்.

மறுபடி வெளியே போனாள். வெள்ளை. உள்ளே வந்தாள். பறந்தது. வெளியே, உள்ளே, வெளியே. "என்ன பாப்பா, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டில் இருந்த காவலாளி எழுந்தே விட்டார். மழையில் ஒரு பெண் வாசலைத் தாண்டித் தாண்டிக் குதித்தால் யாருக்குத்தான் பயம் வராது!

தெருவில் நின்றபடி விடாப்பிடியாகக் காத்திருந்தாள். கடைசியில் வெள்ளைத் திரையில் ஏதோ அசைந்தது. செய்தி அல்ல. ஒரு சோபா. திரை முழுக்க அடைத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்ட ஒரு குடும்பம் சிரிக்க, சோபா இடமும் வலமும் சுழன்றது. மூடுவதற்கான பெருக்கல் குறி எங்கே என்று தேடுவதற்குள் கைப்பேசியே உறைந்து போனது.

ஆற்றங்கரையில் அம்மா பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி மேலே வந்தாள். எல்லோர் முன்னாலும் கத்தினாள். "அத்தான்! நல்லா இருப்பீங்களா நீங்க? உங்க சோபாவால எங்கம்மா அங்க உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா! எத்தனை விளம்பரத்தைக் கொண்டு வந்து சொருகி வெச்சிருக்கீங்க? வெளியில பக்கமே வரல!"

அத்தான் எழுந்தார். அவருக்கும் கோபம் வந்தது. "சும்மா என் மேல பாயாதே. ஒவ்வொரு விளம்பரம் வரும்போதும் உன்கிட்ட கேட்டேனா இல்லையா? வேகம் குறையுதானு பாத்துச் சொல்லுனு சொன்னேனா இல்லையா? ஒண்ணும் குறையலனு நீதானே சொன்னே? சுவத்துல பச்சையா மாட்டி வெச்சது நானா?"

"ஆபீஸ்ல விளம்பரமே வரலையே, அப்புறம் எப்படிக் குறையும்? இங்க மட்டும் ஏன் வரல?"

"நம்ம ஆளுங்க பாக்கறதெல்லாம் கணக்குல சேரக் கூடாதுனு விளம்பரக்காரங்க சண்டை போட்டாங்க. நம்ம ஆபீசு, நம்ம வீடு ரெண்டு இடத்துக்கும் விளம்பரம் வராம பண்ணிடும்மானு சொன்னேன்." அத்தான் நிறுத்தினார். "பண்ணிக் குடுத்தது யாரு?"

நொடி சுவரில் ஒளிர்ந்த பச்சையைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள்தான். ஒரு மத்தியான வேலை. பண்ணிக் கொடுத்துவிட்டு மறந்தும் போனாள். அன்றிலிருந்து இங்கே உட்கார்ந்துகொண்டு, இந்த இணைப்பிலேயே அளந்து, தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருக்கிறாள். அளவுகோலில் தப்பில்லை, அவள் அளந்த பக்கம்தான் வேறு. வாசகர் ஒருத்தர்கூடப் பார்த்திராத பக்கம் அது. விருந்துக்குச் சமைத்துவிட்டு, தனக்கென்று தனியாக எடுத்துவைத்த கிண்ணத்திலேயே உப்புப் பார்த்த கதை. அம்மா வீட்டில் இருந்தவரை அவளுக்கும் அந்தக் கிண்ணம்தான். சித்தி வீட்டுக்குப் போன பிறகுதான் ஊர் சாப்பிடுவதை அவளும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. அவமானத்தில் நொடிக்குக் காது மடல் சுட்டது.

"என்ன சத்தம்?" அப்பா தன் அறை வாசலில் நின்றார். கையில் மூடி திறந்த பேனா.

"அப்பா, கீழ வாங்க" என்றாள் நொடி.

"எதுக்கு?"

"உங்க பேப்பர் எப்படி வெளியே போகுதுனு பாக்கணும். வாங்கப்பா."

நாலு பேரும் தெருவுக்கு வந்தார்கள். காவலாளி தன் குடையை ஆசிரியர் தலைக்கு மேல் பிடித்தார். நொடி அப்பாவின் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டுப் பக்கத்தைத் தட்டி அவர் கையில் கொடுத்தாள்.

அப்பா பார்த்தார். வெள்ளை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வெள்ளை.

"அச்சாகலையே" என்றார். பழைய வாய், பழைய வார்த்தை.

"ரொம்ப நாளா இப்படித்தான்பா போயிட்டிருக்கு. தப்பு என் மேலதான். நான் உள்ள உக்காந்தே அளந்துட்டேன்."

அந்த நேரம் பார்த்துச் சோபா சுழன்றுகொண்டு வந்தது. அப்பா அதை ஏதோ அருவருப்பான பூச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தண்ணி வருதுங்கற செய்தி எங்க?"

"அதுக்குக் கீழ இருக்கு மாமா" என்றார் அத்தான். உடனே அவசரமாகச் சேர்த்தார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடலாம் மாமா. அவங்க கடைத் திறப்பே இன்னிக்குத்தான். வாக்குக் குடுத்துட்டேன். நாளைக்குக் காலையில எல்லாத்தையும் எடுத்துடலாம்."

"மாப்பிள்ளை." அப்பா குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குக் காலையில உங்க அத்தை எங்க இருப்பா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நனைந்த சட்டையோடு அவர் நின்ற நிலையைப் பார்த்து நொடிக்குக்கூடப் பாவமாகிவிட்டது.

"எடுத்துடு நொடி" என்றார் அத்தானே. "எல்லாத்தையும் எடுத்துடு. நான் அவங்ககிட்ட பேசிக்கறேன்."

"நீ போய் அம்மாவைக் கூட்டிட்டு வந்துடேன்டி" என்றாள் அக்கா.

"நான் போனா வருவாளா? வந்தாலும் அம்மா ஒருத்திதான்கா வருவா. தெரு அங்கயே நிக்கும். பக்கம் வந்தாத்தான் எல்லாரும் கிளம்புவாங்க." சாவியை அப்பா கையில் திணித்துவிட்டு நொடி மாடிக்கு ஓடினாள்.

அடுத்து நடந்தது கை வேலை. சோபாவைத் தூக்கினாள். ஓரத்தில் ஓடிய வளையலையும் வங்கியையும் தூக்கினாள். தானாகவே பேச ஆரம்பிக்கும் வீடியோவை நிறுத்தினாள். 'இவற்றையும் படியுங்கள்' என்று வால் மாதிரி நீளும் படவரிசையை வெட்டினாள். யார் யார் எங்கே தட்டுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்கும் ஒன்பது குட்டிச்சாத்தான்களைப் பிடித்து வெளியே போட்டாள். ஒவ்வொன்றையும் உள்ளே விட்டபோது 'இது ஒண்ணுதானே, என்ன ஆயிடப் போகுது' என்று நினைத்தவளும் அவள்தான்.

"கீழ யாராவது நின்னு பாக்கணும். இங்கேர்ந்து பாத்தா மறுபடி ஏமாந்துடுவோம்" என்றாள்.

"நான் நிக்கறேன்" என்றார் அத்தான். குடையைக்கூட எடுக்கவில்லை. தெருவின் நடுவில் போய் நின்று, கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். "தட்டிட்டேன்! ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஒவ்வொரு எண்ணும் ஜன்னல் வழியே வந்து விழுந்தது. எண்ணிக்கை இருபதைத் தாண்டிய பிறகுதான் "வந்துடுச்சு!" என்றார்.

"பத்தாது" என்றாள் நொடி. அந்தப் பக்கம் அம்மா கையில் இருக்கும் ஃபோன் இதைவிடப் பழசு. தெருவே ஒரே நேரத்தில் இணைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். அலங்கார எழுத்துருவை எடுத்துவிட்டு, ஃபோனில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துக்கு மாற்றினாள்.

"ஒண்ணு... ரெண்டு..." தெருவில் போன ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, ஒளிந்து விளையாடுகிறாரோ என்று அத்தானைப் பார்த்துவிட்டுப் போனார். பத்துக்குப் பக்கத்தில் நின்றது எண்ணிக்கை.

"அக்கா, படத்தை எடு."

அக்கா திரும்பினாள். அணையின் மதகுகள், பொங்கும் நுரை, அபாரமான படம். வேறு யாரிடமும் இல்லாத படம். "வெளையாடறியா? படம் இல்லாம வெறும் எழுத்தை எவன் பாப்பான்? எப்பேர்ப்பட்ட படம்டி இது!"

"படம் வர்றதுக்குள்ள தண்ணி வந்துடும்கா."

அக்கா ஒரு நிமிடம் அந்தப் படத்தையே பார்த்தாள். பிறகு அவளே அழித்தாள். அழித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தட்டிட்டேன்! ஒண்ணு... வந்துடுச்சு! நொடி, வந்துடுச்சு! ரெண்டுகூட எண்ணல!" அத்தான் நடுத்தெருவில் குதித்தார். குதித்த குதியில் கைப்பேசி கையை விட்டு நழுவி, மழைத்தண்ணீர் ஓடும் சாக்கடை ஓரத்தில் விழுந்தது. எடுத்துத் துடைத்தார், உதறினார், ஊதினார். அது கண்ணை மூடிவிட்டது. "போனா போகுது சனியன்!" என்றார் சந்தோஷமாக.

மேலே அப்பா, அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். வெறும் எழுத்தாக நின்ற செய்தியைப் படித்தார். தலைப்பு, எந்தத் தெருக்கள், எங்கே போக வேண்டும், எந்தப் பாதை. அவருடைய பழைய சாயங்காலப் பேப்பரின் முதல் பக்கம் மாதிரியே இருந்தது.

"நல்லா இருக்கு. கடைசியில ஒரு வரி சேரு" என்றார்.

"சொல்லுங்கப்பா."

"இது நாடகமல்ல."

அக்காவின் விரல் நின்றது. "அப்பா... செய்தியில இப்படியெல்லாம் எழுதலாமா? ஒரு வார்த்தை கூடுதலா இருந்தாலே எங்களை உரிச்சு எடுப்பீங்க."

"பொய்யா அது?"

"பொய் இல்ல..."

"பொய்யா இருந்தாத்தான் எடுக்கணும். போடும்மா."

அக்கா போட்டாள். ஊரில் ஆயிரம் பேர் அந்த வரியைப் படித்துவிட்டு, ஆசிரியர் எவ்வளவு அழுத்திச் சொல்கிறார் பார் என்று நினைத்திருப்பார்கள். யாருக்காக எழுதியது என்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். நொடி மூக்கைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

பிறகு காத்திருப்பு. அம்மாவின் ஃபோன் அணைந்தேதான் இருந்தது. சித்தியின் ஃபோன் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. நொடியின் திரையில் பக்கத்தைத் திறந்திருப்பவர்களின் கணக்கு, பகுதி வாரியாக ஏறிக்கொண்டிருந்தது. ஆற்றோரப் பகுதி என்ற வரி இவ்வளவு காலம் நோஞ்சானாகத்தான் இருக்கும். அங்கெல்லாம் யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். இப்போது அது கிடுகிடுவென்று மேலே போனது. படிக்காமல் இருந்திருக்கவில்லை. படிக்க வந்து, வெள்ளையைப் பார்த்து, திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"இதுல அம்மா இருக்காளா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியாதுக்கா. எல்லாரும் ஒரே கோடுதான்."

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி ஜன்னலுக்குப் போனார். பிறகு செருப்பை மாட்டினார்.

"மாப்பிள்ளை, காரை எடுங்க."

"எங்க மாமா?"

"மன்னிப்புக் கேக்க வேண்டியவங்க ரெண்டு பேரு இருக்கோம். வாங்க போகலாம்."

சொட்டச் சொட்ட நனைந்த மாப்பிள்ளையும், ஒரு பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு மாமனாரும் படியில் இறங்கிப் போனார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. அக்கா உண்மையாகவே சிரித்தாள். அம்மா போனதற்குப் பிறகு அந்த ஆபீசில் கேட்ட முதல் சிரிப்பு அது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வெளியே மழை கனத்து, பட்டப்பகலிலேயே வெளிச்சம் மங்கியிருந்தது.

நொடி மறுபடி கணக்குத் திரைக்குத் திரும்பினாள். பக்கம் இலேசாக, ஒழுங்காக, தெருவுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

அப்போது அப்பாவின் அறையில் மணி அடித்தது. கைப்பேசி மேஜை மேலேயே கிடந்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

எடுத்துப் பார்த்தாள். திரையில் 'வீடு' என்று இருந்தது.

வீட்டில் யார் இருக்கிறார்கள், பூட்டித்தானே கிடக்கிறது என்று ஒரு கணம் குழம்பினாள். பிறகுதான் எண்ணைப் பார்த்தாள். அம்மாவின் எண். இத்தனை வருஷமாக அம்மாவின் எண்ணை அப்பா அப்படித்தான் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. கோபித்துக்கொண்டு போன பிறகும் மாற்றவில்லை. பச்சையைத் தட்டிக் காதில் வைத்தாள்.

"என்னங்க." அம்மாவின் குரல். மூச்சு வாங்கியது. பின்னால் குழந்தைகளின் அழுகையும் மழையும். "பேச வேணாம், கேளுங்க. சார்ஜ் போயிடும். வந்துடுச்சுங்க, நம்ம பக்கம் வந்துடுச்சு. ஃபோனைப் போட்டுத் தட்டின உடனே வந்துச்சு. தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம கிளப்பியாச்சு. ஸ்கூல் மேல்மாடி வராந்தாவுல இருக்கோம். தங்கச்சியும் பக்கத்துலதான் இருக்கா. யாருக்கும் ஒண்ணுமில்ல."

நொடி "அம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தக் குரல் தாழ்ந்தது.

"கடைசி வரியையும் படிச்சேன். எனக்குத்தானே எழுதினீங்க? எனக்கு ஒரு வரி எழுத உங்களுக்கு ஆத்துல வெள்ளம் வரணுமா?" அம்மா சிரித்தாள், அல்லது அழுதாள். மழையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சரி, விடுங்க. வந்துடறேன் வீட்டுக்கு. ஆனா உங்க குணம் எனக்குத் தெரியும். இப்பவே என்னைப் பாக்கக் கிளம்பி நிப்பீங்க. வராதீங்க, என்ன? மதகு திறக்கறதுக்கு முன்னாடியே தண்ணி பாலத்து மேல ஏறிடுச்சு. இங்கேர்ந்து நல்லாத் தெரியுது. நீங்க ஆபீஸ்லயே பத்திரமா இருக்கீங்கனு நெனச்சுக்கிட்டா எனக்கு நிம்மதி."

அக்கா வாசலில் வந்து நின்று, என்ன என்று கண்ணால் கேட்டாள்.

"அட, கொடுமையே!" என்றாள் அம்மா திடீரென்று. "அந்தப் பக்கத்துலேர்ந்து ஏதோ கார் வருதுங்க. லைட்டைப் போட்டுக்கிட்டுப் பாலத்துலயே ஏறுது. எந்தப் பைத்தியக்காரனோ... கத்துங்கடி எல்லாரும், கையை ஆட்டுங்க... ஏங்க, அந்தப் பாலம் மூடியாச்சுனு உடனே நம்ம பக்கத்துல போடச் சொல்லுங்களேன்!"

ஃபோன் அணைந்தது.

அக்கா ஓடிப் போய்த் தட்டினாள். பாலம் மூடப்பட்டது, யாரும் வர வேண்டாம். நொடி தன் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். கண் இமைப்பதற்குள் வந்து நின்றது செய்தி. காரில் இருந்த இரண்டு பேரிடம்தான் அதைத் திறந்து பார்க்க ஒரு ஃபோன் இல்லை.